உடலுக்குள் வைக்கும் ஆன்டெனா: உப்புநீரில் ஊறியபின் அதிர்வெண் இறங்கிக்கொண்டே போகிறது, ஏன்?

கதிர்403 கேட்டது:

வணக்கம். 402–405 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் பேசும் ஒரு சிறிய இம்ப்ளான்ட். டைட்டானியம் பெட்டி, அதன் தலையில் ஹெடர் (உலோகமல்லாத மேல்பகுதி), ஹெடருக்குள் ஆன்டெனா. இப்போது இருக்கும் கட்டுமானம் இது:

அடித்தளம் 50 மைக்ரான் பாலிஇமைடு ஃபிலிம். அதன்மேல் 30 நானோமீட்டர் டைட்டானியம், அதற்கு மேல் 0.5 மைக்ரான் தங்கம், இரண்டும் ஸ்பட்டரிங் (வெற்றிட அறையில் உலோக அணுக்களைத் தெறிக்கவைத்துப் படியவைப்பது). கோடு வளைந்து வளைந்து போகும் மியாண்டர் வடிவம். கோட்டின் அகலம் 0.4 மிமீ, நீட்டிப் பார்த்தால் 120 மிமீ, அடங்கும் இடம் 22 × 9 மிமீ. மேலே 10 மைக்ரான் பேரிலீன் சி (ஆவியாகப் படியவைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு), அதற்கும் மேல் மெடிக்கல் கிரேடு சிலிக்கோன். வரைபடத்தில் சிலிக்கோன் 0.5 மிமீ.

12 துண்டுகளை அளந்தபோது கிடைத்தவை: காற்றில் 560 மெகாஹெர்ட்ஸை ஒட்டி, சிலிக்கோன் ஊற்றியபின் 500 சுமார், 0.9% உப்புநீர்த் தொட்டிக்குள் 396 முதல் 421 வரை. ஒரே பேனலில் வந்த துண்டுகளுக்குள்ளேயே இந்தச் சிதறல். எஸ்11 (ஆன்டெனாவிலிருந்து திரும்பி வரும் சக்தியின் அளவு) எல்லாவற்றிலும் −15 டெசிபெலுக்குக் கீழே, பட்டை அகலம் தாராளம். அளவீடு கோஆக்ஸ் கேபிளை நேராக ஆன்டெனாவில் சாலிடர் செய்து. டைட்டானியம் பெட்டி இல்லாமல்.

பிறகு 67 டிகிரி உப்புநீரில் 28 நாள். முதல் மூன்று நாளில் 12-உம் சேர்ந்தாற்போல் 7 மெகாஹெர்ட்ஸ் இறங்கி நின்றன. 12-ஆம் நாளுக்குப் பிறகு 4 துண்டுகள் மட்டும் மறுபடி இறங்க ஆரம்பித்தன. கடைசி நாளில் இன்னும் 14 மெகாஹெர்ட்ஸ் கீழே, எஸ்11 பள்ளமும் ஆழம் குறைந்துவிட்டது.

கேள்விகள் மூன்று. சிதறல் எங்கிருந்து வருகிறது? இறக்கம் ஏன் இரண்டு கட்டமாக வருகிறது? எஸ்11 இவ்வளவு நன்றாக இருந்தும், முழுச் சாதனத்தைப் பூட்டித் தொட்டியில் 6 செமீ ஆழத்தில் வைத்தால் தொட்டிக்கு வெளியே 30 செமீக்கு மேல் இணைப்பு நிற்கவில்லையே, அது ஏன்?

---

அலைமானி:

மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், முதல் இரண்டையும் குழப்புவது அதுதான்.

எஸ்11 என்பது திரும்பி வராத சக்தியை மட்டும் சொல்லும். அது வெளியே போனதா, உள்ளேயே சூடாகிப் போனதா என்று சொல்லாது. கேபிள் நுனியில் 50 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை ஒட்டினாலும் எஸ்11 அருமையாகத்தான் இருக்கும். வெளுத்ததெல்லாம் பால் அல்ல. இவ்வளவு சிறிய ஆன்டெனாவில் பட்டை அகலம் தாராளமாக வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இழப்பைத்தான்.

உங்கள் தங்கத்தின் தடிமனைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 403 மெகாஹெர்ட்ஸில் தங்கத்தின் ஸ்கின் டெப்த் (மின்னோட்டம் உலோகப் பரப்பிலிருந்து உள்ளே இறங்கும் ஆழம்) சுமார் 3.9 மைக்ரான். நீங்கள் போட்டிருப்பது 0.5 மைக்ரான். மின்னோட்டத்துக்குத் தேவையான ஆழத்தில் சுமார் எட்டில் ஒரு பங்குதான். 120 மிமீ நீளத்தை 0.4 மிமீ அகலத்தால் வகுத்தால் 300 சதுரம். 0.5 மைக்ரானில் சதுரத்துக்கு 0.049 ஓம், ஆக மொத்தம் 14.6 ஓம். போதுமான தடிமன் இருந்து மின்னோட்டம் ஒரு பக்க ஸ்கின் டெப்தில் ஓடினால்கூட 1.9 ஓம்தான். இந்த அளவு மியாண்டரின் கதிர்வீச்சு மின்தடை (அலையாக வெளியே போகும் சக்தியைக் குறிக்கும் பங்கு) ஓர் ஓமுக்கும் வெகு கீழே. அப்படியானால் சக்தி எங்கே போகிறது என்று சொல்ல வேண்டியதில்லை. ஸ்பட்டரிங் படலம் கட்டித் தங்கத்தைவிடச் சற்று மோசமாகவே கடத்தும், எனவே உண்மை மதிப்பு 14.6-க்கு மேல்தான் இருக்கும்.

மருந்து: ஸ்பட்டரிங்கை விதைப் படலமாக மட்டும் வைத்துக்கொண்டு, மேலே ப்ளேட்டிங்கில் 8 மைக்ரான் ஏற்றுங்கள். இரண்டு ஸ்கின் டெப்த். அதற்கு மேல் போனால் செலவுதான், பலன் இல்லை.

அடுத்தது தொட்டி. 0.9% உப்புநீர் தசை அல்ல. 403-இல் தசையின் சார்பு மின்னுழைமம் (பெர்மிட்டிவிட்டி) 57, கடத்துதிறன் 0.8 சீமென்ஸ்/மீட்டர். உப்புநீருக்கு அறை வெப்பத்தில் 76, 1.6 என்ற அளவில் வரும். அதாவது உப்புநீரில் 403-க்குச் சரிசெய்தது உடலுக்குள் போனால் மேலே ஏறி உட்காரும். அலையும் வேகமாக மடியும்: தசையில் செமீக்கு 1.7 டெசிபெல், உப்புநீரில் 2.8. உங்கள் 6 செமீ ஆழத்துக்கு இந்த வித்தியாசம் மட்டுமே ஆறேழு டெசிபெல். வெளியே தூரம் பாதியாகிறது.

தொட்டியில் தசைக்குப் பதிலாகச் சர்க்கரைக் கரைசல் போதும். 10 கிலோ கலவைக்கு நீர் 5.116 கிலோ, சர்க்கரை 4.678 கிலோ, உப்பு 149 கிராம், ஹைட்ராக்சிஎத்தில் செல்லுலோஸ் 52 கிராம், கிருமித்தடுப்பான் 5 கிராம். இது 450 மெகாஹெர்ட்ஸ் தசைக்கான பழைய செய்முறை. அங்கே 58, 0.83 தரும், 403-க்கும் ஒத்துப்போகும். முதலில் உப்பு, பிறகு வெந்நீரில் சர்க்கரை, செல்லுலோஸைக் கடைசியில் கிளறிக்கொண்டே தூவ வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் மீன்முட்டைபோல் கட்டி நிற்கும், பிறகு எவ்வளவு கிளறினாலும் கரையாது. பக்குவம் பார்க்க: சர்க்கரை கூடினால் மின்னுழைமம் இறங்கும், உப்பு கூடினால் கடத்துதிறன் ஏறும். கடத்துதிறன் டிகிரிக்கு சுமார் 2% நகர்வதால் ஒவ்வொரு அளவீட்டுக்கும் வெப்பநிலையை எழுதி வையுங்கள். மூடி போடாத தொட்டியில் நீர் ஆவியாகிப் பத்து நாளில் வேறு கலவையாகிவிடும்.

மூன்றாவது கேபிள். பெட்டி இல்லாமல் கோஆக்ஸை நேராக ஒட்டினால் கேபிளின் வெளி உறைதான் ஆன்டெனாவின் மறுபாதி. நீங்கள் அளந்தது கேபிளையும் சேர்த்து. கையால் கேபிளைப் பிடித்துப் பாருங்கள்; எஸ்11 பள்ளம் நகர்ந்தால் சந்தேகமே வேண்டாம். உண்மைச் சாதனத்தில் அந்த மறுபாதி டைட்டானியம் பெட்டி. எனவே அளவீடும் பெட்டியோடு, கேபிள் பெட்டிக்குள்ளிருந்து வெளியே வருமாறு, வெளியே வந்த இடத்திலேயே நான்கைந்து ஃபெரைட் மணிகளோடு (கேபிள் உறையில் ஓடும் ரேடியோ மின்னோட்டத்தை அடக்கும் வளையங்கள்) இருக்க வேண்டும். 400 மெகாஹெர்ட்ஸுக்கு 61 வகை ஃபெரைட் எடுங்கள். அதைவிட நம்பகமானது: பெட்டிக்குள் பேட்டரியில் ஓடும் சிறிய ஆஸிலேட்டரை வைத்து மூடி, வெளியில் பெறும் ஆன்டெனாவில் அளப்பது. அங்கே கேபிளே இல்லை.

---

பூச்சுவேலை:

இரண்டு கட்ட இறக்கத்துக்கு வருகிறேன். நீங்கள் நாள்கணக்கோடு கொடுத்ததால் வேலை எளிது.

முதல் மூன்று நாள் இறக்கம் பாலிஇமைடு தண்ணீர் குடிப்பது. அந்த ஃபிலிம் உலர்ந்தபோது மின்னுழைமம் 3 இருக்கும், முழுதாக ஈரமானால் 3.8 வரை ஏறும்; நீரில் ஊறினால் எடையில் 2.8% ஏற்றுக்கொள்ளும். சிலிக்கோன் நீராவியைத் தடுக்காது, சல்லடைமாதிரி விட்டுவிடும். அதனால் எல்லாத் துண்டுகளும் ஒரே அளவு இறங்கி, நிறைந்ததும் நின்றன. இது கெட்டது அல்ல. முன்கூட்டியே தெரிந்தால் வடிவமைப்பில் 7 மெகாஹெர்ட்ஸ் மேலே தூக்கி வைத்துவிடலாம்.

12-ஆம் நாளுக்குப் பிறகு வருவது வேறு நோய். ஃபிலிம் ஏற்கனவே நிறைந்துவிட்டது, இனி குடிக்க இடமில்லை. நான்கு துண்டுகளில் மட்டும் வருகிறது. ஆக இது பொருளின் குணம் அல்ல, எங்கோ படலம் பிரிந்து அந்த இடுக்கில் நீராவி திரவமாகத் தேங்குகிறது. உலோகத்தின் மேல் பத்து மைக்ரான் உயரத்துக்கு நீர்ப்படலம் நின்றாலும் அது மின்னுழைமம் 70-க்கு மேல் உள்ள பொருள், அதிர்வெண் இறங்கும். அதில் உப்பு இருந்தால் கடத்தவும் செய்யும். பள்ளம் ஆழம் குறைந்தது அதற்கான அடையாளம்.

உறுதிசெய்ய: அந்த 4 துண்டுகளையும், நன்றாக இருப்பவற்றில் 2 துண்டுகளையும் 100 டிகிரியில் ஒரு நாள் உலர்த்தி மறுபடி அளந்து பாருங்கள். முதல் 7 மெகாஹெர்ட்ஸ் எல்லாவற்றிலும் திரும்பி வரும். நான்கும் முழுதாகத் திரும்பி வந்தால் பிரிவு மட்டும்; திரும்பாமல் கொஞ்சம் தங்கினால் உலோக விளிம்பு அரித்திருக்கிறது அல்லது உப்பு உள்ளே தங்கிவிட்டது.

பிரிவு எங்கே? இரண்டு இடத்தில் ஒன்று.

ஒன்று, தங்கத்துக்கும் பேரிலீனுக்கும் நடுவே. ஏ-174 சைலேன் (பேரிலீன் ஒட்டுவதற்கான பிடிப்புத் திரவம்) பூசினீர்களா என்று எழுதவில்லை. பூசியிருந்தாலும் சைலேன் ஆக்ஸைடு உள்ள பரப்பில்தான் பிடிக்கும். தங்கத்தில் ஆக்ஸைடு கிடையாது. உலர்ந்திருக்கும்போது டேப் ஒட்டி இழுத்தால் தேறிவிடும், நனைந்தபின் அப்படியே கழன்று வரும். தங்கத்துக்கு மேலும் 20 நானோமீட்டர் டைட்டானியம் போட்டு மூடினால் சைலேனுக்குப் பிடிப்பு கிடைக்கும். முறை: சைலேன் 1 பங்கு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 100, அயனி நீக்கிய நீர் 100, எல்லாம் கனஅளவில். கலந்து 2 மணி நேரம் சும்மா வைக்க வேண்டும், உடனே முக்கினால் பலனில்லை. பிறகு 30 நிமிடம் முக்கி, எடுத்துக் காற்றில் 20 நிமிடம், ஆல்கஹாலில் அரை நிமிடம் அலசி, 70 டிகிரியில் ஒரு மணி நேரம். அன்றைக்கே பேரிலீன் அறைக்குள் போய்விட வேண்டும்.

இரண்டு, பேரிலீனுக்கும் சிலிக்கோனுக்கும் நடுவே. இது பலரும் கவனிக்காத இடம். பேரிலீன் மேல் சிலிக்கோன் சும்மா ஊற்றினால் பிடிக்காது. ஆக்ஸிஜன் பிளாஸ்மா, பிறகு பிரைமர், பிறகே சிலிக்கோன். பிளாஸ்மாவுக்கும் ஊற்றுவதற்கும் இடையே மணிக்கணக்கில் போனால் பரப்பு பழையபடி ஆகிவிடும்.

இரண்டுக்கும் அடிப்படையில் இருப்பது அழுக்கு. ஃப்ளக்ஸ் எச்சம், விரல் வியர்வை, ப்ளேட்டிங் உப்பு, எதுவானாலும் பூச்சுக்கு அடியில் ஒரு துளி உப்பு இருந்தால் சவ்வூடு பரவலில் நீரை இழுத்துக் கொப்புளமாக்கும். மின்னணுப் பலகைகளுக்குப் பலகாலம் புழங்கிவந்த வரம்பு சதுர செமீக்கு 1.56 மைக்ரோகிராம் சோடியம் குளோரைடு இணை. இம்ப்ளான்ட்டுக்கு அது மிகத் தாராளம். அதில் பத்தில் ஒன்றைக் குறிவையுங்கள். கேபிளை ஆன்டெனாவிலேயே சாலிடர் செய்ததாகச் சொல்கிறீர்கள். அந்த 4 துண்டுகளும் சாலிடர் முனைப் பக்கமிருந்துதான் பிரிய ஆரம்பித்தனவா என்று பாருங்கள்.

என் கருத்தில் நல்ல சிலிக்கோன் ஒட்டுதல் இருக்குமானால் நடுவில் பேரிலீன் வேண்டவே வேண்டாம். ஒரு அடுக்குக்கு ஒரு இடைமுகம். அடுக்கு குறைந்தால் பிரியும் இடமும் குறையும்.

---

பீங்கான்_சூளை:

பேரிலீனை எடுத்துவிடு என்பதில் பாதி உடன்படுகிறேன். சிலிக்கோனில் காற்றுக்குமிழி ஒன்று உலோகத்தின் மேல் உட்கார்ந்துவிட்டால் அந்தக் குமிழிக்குள் நீர் தேங்கும், அப்போது அடியில் பேரிலீன் இருப்பது காப்பாற்றும். வெற்றிடத்தில் குமிழி நீக்கி, அச்சின் அடியிலிருந்து மேலாக மெதுவாக நிரப்பி, ஒவ்வொரு துண்டையும் உருப்பெருக்கியில் பார்த்து அனுப்ப முடிந்தால் பேரிலீன் வேண்டாம். முடியாவிட்டால் இருக்கட்டும், ஆனால் பூச்சுவேலை சொன்ன பிளாஸ்மாவோடு.

சிதறலுக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை. அது சிலிக்கோன் தடிமன். ஒரு சின்னக் கணக்கு: கோட்டின் பரப்பு 120 × 0.4, அதாவது 48 சதுர மிமீ. வெறும் 10 மைக்ரான் பேரிலீன் மட்டும் இருந்தால் கோட்டுக்கும் தசைக்கும் நடுவே 125 பிகோஃபாரட். 403-இல் 3 ஓம். மின்சாரக் காப்பு என்று நாம் நினைப்பது ரேடியோ அலைக்கு ஷார்ட். 0.5 மிமீ சிலிக்கோன் வந்தால் 2.5 பிகோஃபாரட், 160 ஓம். விளிம்புப் புலத்தை விட்டுவிட்ட கணக்குதான், ஆனாலும் எந்த அளவு உங்கள் அதிர்வெண்ணை ஆள்கிறது என்று காட்டிவிடும். இரண்டு துண்டுகளை நடுவே வெட்டி, கோட்டின் மேல் சிலிக்கோன் எவ்வளவு இருக்கிறது என்று மைக்ராஸ்கோப்பில் அளந்து பாருங்கள். 50 மைக்ரான் ஃபிலிம் அச்சுக்குள் மிதந்து ஒரு பக்கமாக வளைந்திருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

எனவே என் யோசனை: மெல்லிய ஃபிலிமை விட்டு 99.6% அலுமினாத் தகட்டுக்கு வாருங்கள். தண்ணீர் குடிக்காது, வளையாது, தடிமன் தேய்த்துக் கொண்டுவரும் அளவு. 96% வேண்டாம், அதில் உள்ள கண்ணாடிப் பகுதியை ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் தின்னும், பரப்பும் சொரசொரப்பு.

படிகள்: 0.635 மிமீ தகடு, ஸ்பட்டரிங்கில் டைட்டானியம் 30 நானோமீட்டர், தங்கம் 200 நானோமீட்டர். 12 மைக்ரான் பாசிட்டிவ் ரெசிஸ்ட் (ஒளிபட்ட இடம் கரைந்து போகும் மறைப்புப் பூச்சு), கோட்டு வடிவில் திறப்பு. ஆக்ஸிஜன் பிளாஸ்மாவில் அரை நிமிடம், இல்லாவிட்டால் திறப்பின் அடியில் தங்கும் ரெசிஸ்ட் படலத்தில் தங்கம் தீவு தீவாக ஏறும். சல்ஃபைட் தங்கக் குளியல், 55 டிகிரி, சதுர செமீக்கு 3 மில்லியாம்ப். முழுத் திறனில் மணிக்கு 11.4 மைக்ரான் ஏறும், ஆக 8 மைக்ரானுக்கு 42 நிமிடம். பரப்புக் கணக்கில் துண்டுகளின் 48 சதுர மிமீயை மட்டும் எடுக்காதீர்கள். பேனல் விளிம்புச் சட்டமும் கிளிப் பிடித்த இடமும் மின்னோட்டம் தின்னும். அதை விட்டால் 8 கேட்டு 5 கிடைக்கும். குளியல் காரத்தன்மையாக இருந்தால் பாசிட்டிவ் ரெசிஸ்ட் ஓரத்தில் கரைந்து கோடு அகலும்; நடுநிலைக்கு அருகில் உள்ள குளியலைத் தேர்ந்தெடுங்கள்.

ரெசிஸ்ட்டை நீக்கியபின் விதைத் தங்கம்: பொட்டாசியம் அயோடைடு 4 கிராம், அயோடின் 1 கிராம், நீர் 40 மில்லி. நிமிடத்துக்கு ஒரு மைக்ரான் போல அரிக்கும், 200 நானோமீட்டருக்கு 12–15 நொடி. கரும்பழுப்புக் கரைசலுக்குள் கண்ணுக்குத் தெரியாது. நேரம் பார்த்து எடுக்க வேண்டும். பிறகு டைட்டானியம்: 1% ஹைட்ரோஃப்ளோரிக் அமிலத்தில் சில நொடி, தங்க ஓரத்தைச் சுற்றி வெள்ளைத் தகடு தெரிந்ததும் உடனே நீர். இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். ஐந்து நொடி அதிகம் விட்டால் தங்கத்துக்கு அடியில் டைட்டானியம் உள்வாங்கிவிடும், அந்தப் பொந்தில் பிறகு உப்புநீர் ஏறிக் கோடு விளிம்பிலிருந்து உரியும். கால்சியம் குளூக்கோனேட் ஜெல் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் அந்தப் பாட்டிலைத் திறக்கக் கூடாது. அமிலம் பட்ட வலி தாமதமாக வரும், அதற்குள் உள்ளே போயிருக்கும்.

முழு வலிமை வேண்டுமானால் இன்னும் சுடாத அலுமினாத் தாள்களுக்கு நடுவே பிளாட்டினம் பேஸ்ட்டை அச்சடித்து 1500 டிகிரிக்கு மேல் ஒன்றாகச் சுடலாம். இடைமுகமே இல்லாத ஒரே கல். ஆனால் சூளையில் 15–20% சுருங்கும், அந்தச் சுருக்கத்தில் ±1% பிசகினால் அதிர்வெண்ணிலும் 4 மெகாஹெர்ட்ஸ் பிசகு. நூற்றுக்கணக்கில் செய்யும்போதுதான் கட்டுப்படியாகும்.

குறைந்த வெப்பத்தில் சுடும் பீங்கானில் வெள்ளி பேஸ்ட் போட்டுச் செய்யலாமே என்று யாராவது சொல்வார்கள். வெள்ளி ஈரத்தில் அயனியாக ஊர்ந்து போகும், செல்களுக்கும் நஞ்சு. மூடி முத்திரையிட்ட பெட்டிக்குள் மட்டுமே அதற்கு இடம்.

---

ஹெடர்ராஜா:

எல்லாரும் தகட்டிலேயே நிற்கிறீர்கள். 12 துண்டு, 50 துண்டு அளவுக்கு எளிய வழி நாடா. பிளாட்டினம்-இரிடியம் 90/10, 0.1 மிமீ தடிமன், 0.5 மிமீ அகலம். 403-இல் அதன் ஸ்கின் டெப்த் 12–13 மைக்ரான், ஆகவே இரு முகத்திலும் மின்னோட்டத்துக்கு இடம் தாராளம். பீக் பிளாஸ்டிக்கில் பள்ளம் வெட்டிய தாங்கி, அதில் நாடாவை வளைத்து உட்கார வைத்து, மேலே எப்பாக்ஸி அல்லது சிலிக்கோன். தடிமனைத் தாங்கியே நிர்ணயிக்கும். மிதக்க வழியே இல்லை. ஒட்டும் படலம், அரிப்பு, அமிலம் எதுவும் கிடையாது. கடத்துதிறன் தங்கத்தைவிடப் பத்து மடங்கு மோசம், ஆனால் 0.5 மைக்ரான் தங்கத்தோடு ஒப்பிட்டால் இதுதான் தேவலை: சதுரத்துக்கு 0.02 ஓம், அந்தத் தங்கத்துக்கு 0.049.

ஃபீட்த்ரூவை (பெட்டிச் சுவரைக் கடந்து மின்னிணைப்பைக் கொண்டுவரும் முள்) யாரும் கேட்கவில்லை. முள் எந்த வகை? இதயச் சாதனங்களில் லீடு (இதயத்துக்குப் போகும் கம்பி) சேரும் முட்களுக்கு மின்காந்த இடையூறைத் தடுக்க நானோஃபாரட் அளவில் கெப்பாசிட்டர் சேர்த்து வரும். ஆன்டெனா தெரியாத்தனமாக அந்த முள்ளில் போய்ச் சேர்ந்தால் 1 நானோஃபாரட் என்பது 403-இல் 0.4 ஓம், சக்தி முழுவதும் பெட்டிக்கே போய்விடும். வடிகட்டி இல்லாத முள்ளிலும் அலுமினாவைச் சுற்றிய வளையத்தோடு 2 முதல் 5 பிகோஃபாரட் இருக்கும். 5 என்றால் 79 ஓம். இதைப் பொருத்துச் சுற்றின் (சிப்பையும் ஆன்டெனாவையும் இசைவாக்கும் மேட்சிங் சுற்று) கணக்கில் சேர்க்காமல் ஆன்டெனாவைத் தனியாக 50 ஓமுக்குச் சரிசெய்து வைப்பது வீண் வேலை. ஆன்டெனா, ஃபீட்த்ரூ, பெட்டி, ஹெடர், சர்க்கரைக் கரைசல் எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு ஆன்டெனா. பொருத்துச் சுற்றைப் பெட்டிக்குள் அதற்கு ஏற்ப மாற்றுங்கள்.

முள்ளோடு இணைப்பு லேசர் வெல்டிங்கில்தான், சாலிடர் ஹெடருக்குள் வரவே கூடாது. இன்னொன்று: ஆன்டெனா முனையில் சிப் ஏதாவது நேர்மின்னழுத்தம் (டிசி) விடுகிறதா பாருங்கள். தொடர் கெப்பாசிட்டர் இல்லாமல் சில நூறு மில்லிவோல்ட் நின்றால் பூச்சில் ஊசித்துளை ஒன்று போதும், அந்த இடத்தில் உலோகம் கரைய ஆரம்பிக்கும்.

பெட்டிக்குள்ளேயே ஆன்டெனாவை வைத்தால் இத்தனை தொல்லை ஏன் என்று கேட்பவர்களுக்கு: 403-இல் டைட்டானியத்தின் ஸ்கின் டெப்த் 18 மைக்ரான் சுமார், பெட்டிச் சுவர் 300. ஒன்றும் வெளியே வராது. 125 கிலோஹெர்ட்ஸில் அதே ஸ்கின் டெப்த் 1 மிமீ. அதனால்தான் நெஞ்சின் மேல் வைக்கும் கைப்பிடிச் சுருளோடு பேசும் சாதனங்கள் பெட்டிக்குள் சுருளை வைத்துக்கொள்ள முடிகிறது.

---

கதிர்403:

எல்லாருக்கும் நன்றி. பார்த்தவரை முடிவுகள்:

வெட்டிப் பார்த்த இரண்டில் கோட்டின் மேல் சிலிக்கோன் ஒன்றில் 0.31 மிமீ, மற்றதில் 0.72. முதலாவது 398-இல் இருந்தது, இரண்டாவது 419-இல். ஃபிலிம் வில்போல் வளைந்திருக்கிறது. பீங்கான்_சூளை பந்தயத்தில் ஜெயித்தார்.

100 டிகிரியில் உலர்த்தியபின் எல்லாவற்றிலும் 7 திரும்பி வந்தது. 4 துண்டுகளில் மூன்று முழுதாகத் திரும்பின, ஒன்று 5 மெகாஹெர்ட்ஸ் கீழேயே நிற்கிறது. அதில் சாலிடர் முனையருகே பேரிலீனுக்கு அடியில் பழுப்புக் கறை. மற்ற மூன்றில் பிரிவு பேரிலீனுக்கும் சிலிக்கோனுக்கும் நடுவே, பிளாஸ்மா செய்யவில்லை. ஃபீட்த்ரூ வடிகட்டி இல்லாத வகை, 3.4 பிகோஃபாரட்.

நாடா வழியில் போகலாம் என்று நினைக்கிறேன். இரண்டு சந்தேகம். நாடாவின் மேல் சிலிக்கோன் 0.5 மிமீ என்பதை எப்படி உறுதிசெய்வது? அதிர்வெண்ணைக் கடைசியில் சரிசெய்ய வழி உண்டா?

---

ஹெடர்ராஜா:

தாங்கியிலேயே 0.5 மிமீ உயரத்தில் நாலைந்து குட்டித் தூண்களை விடுங்கள், கோடுகளுக்கு இடையே. அச்சின் மூடி தூண்களில் உட்காரும். சிலிக்கோன் அதற்கு மேலும் ஏறாது, கீழும் இறங்காது. தூண் நுனி வெளியே தெரியும், பீக் என்பதால் பரவாயில்லை, ஆனால் தூணின் ஓரம் வழியே நீர் இறங்காமலிருக்கத் தூணுக்கும் நாடாவுக்கும் 0.5 மிமீயாவது இடைவெளி வேண்டும்.

சரிசெய்ய: நாடாவின் கடைசி வளைவை 6 மிமீ நீளமாக விட்டுவிடுங்கள். சிலிக்கோன் ஊற்றுமுன், தாங்கியும் பெட்டியும் சேர்ந்த நிலையில், மேலே 0.5 மிமீ சிலிக்கோன் தகடு ஒன்றை அழுத்தி வைத்துக் கரைசலுக்குள் அளந்து, லேசரில் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுங்கள். தகட்டுக்கு அடியில் காற்று நிற்காமலிருக்க ஒரு சொட்டு சிலிக்கோன் எண்ணெய் விடலாம். ஆனால் அந்தத் துண்டு அளவீட்டுக்கு மட்டும், அதை உடலுக்குப் போகும் வரிசையில் மறுபடி சேர்க்கக் கூடாது, எண்ணெய் பட்ட பரப்பில் எந்தப் பிரைமரும் பிடிக்காது. ஒரு துண்டில் வெட்டும் நீளம் தெரிந்துவிட்டால் மற்றவற்றை அதே அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம். மீதி வேறுபாட்டை மெகாஹெர்ட்ஸ் கணக்கில் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் வங்கி பார்த்துக்கொள்ளும், இந்தப் பட்டைக்கான சிப்களில் அது பெரும்பாலும் இருக்கும்.

---

பூச்சுவேலை:

சிலிக்கோன் பற்றி இரண்டு வார்த்தை. பிளாட்டினத்தில் இறுகும் வகைதானே? லேடெக்ஸ் கையுறை, கந்தகம் கலந்த களிமண், அமின் இறுக்கிய எப்பாக்ஸி, தகரத்தில் இறுகும் சிலிக்கோன் அச்சு, இவற்றில் ஏதாவது ஒன்று தொட்டால் அந்தப் பரப்பு பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். நைட்ரைல் கையுறையிலும் எல்லா வகையும் பத்திரமல்ல, ஒரு விரலை வெட்டி அதில் சிலிக்கோன் ஊற்றிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கலவையின் நான்கு மடங்கு கொள்ளும் பாத்திரத்தில் வெற்றிடம் போடுங்கள். பொங்கி ஏறி, உடைந்து, அடங்கிய பின்னும் ஐந்து நிமிடம் விடுங்கள். பிரைமர் காற்றின் ஈரத்தில்தான் வேலை செய்யும், எனவே அதைப் பூசியபின் உலர்ந்த பெட்டிக்குள் வைக்காதீர்கள்.

ஒவ்வொரு தொகுதியோடும் ஒரு சாட்சித் துண்டு செய்யுங்கள்: அலுமினாத் தகட்டில் 100 மைக்ரான் கோடு, 100 மைக்ரான் இடைவெளியில் சீப்பு வடிவம், ஆன்டெனா போன அதே பிளாஸ்மா, பிரைமர், சிலிக்கோன். அதை உப்புநீரில் போட்டு 5 வோல்ட் கொடுத்துக் கசிவு மின்னோட்டத்தைத் தினம் ஒருமுறை குறித்துக்கொள்ளுங்கள். ஆன்டெனாவின் அதிர்வெண் அசைவதற்கு முன்னால் சீப்பின் கசிவு ஏறும். 67 டிகிரிக்கு மேல் போக வேண்டாம். பத்து டிகிரிக்கு இரு மடங்கு என்ற கணக்கில் 37-உடன் ஒப்பிட 8 மடங்கு வேகம் கிடைக்கிறது; 87-க்குப் போனால் 32 மடங்கு என்று தாளில் வரும், ஆனால் அந்த வெப்பத்தில் பேரிலீன் வேறு மாதிரி நடந்துகொள்ளும், உடலில் வராத கோளாறுகளைத் துரத்திக்கொண்டிருப்பீர்கள்.

எத்திலீன் ஆக்ஸைடு கிருமிநீக்கத்துக்குப் பிறகும் ஒருமுறை அளக்க மறக்காதீர்கள். அந்தச் சுழற்சியில் வெற்றிடம் பலமுறை வந்து போகும்; கண்ணுக்குத் தெரியாத குமிழி இருந்தால் அப்போதுதான் ஓரம் விட்டுப் பிரியும்.

---

அலைமானி:

நாடாவோடு புதிய கட்டுமானத்தை அளக்கும்போது எதிர்பார்ப்பைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எஸ்11 பள்ளம் குறுகியதைப் பார்த்து ஏதோ கெட்டுவிட்டது என்று பழையதற்கே திரும்பிவிடுவீர்கள். பட்டை அகலம் இப்போதையதைவிடக் குறையும், அதுதான் சரி. தசைக்குள் இந்த அளவு ஆன்டெனாவுக்கு −30 டெசிபெல் ஐசோட்ரோபிக் (எல்லாத் திசையிலும் சமமாக வீசும் கற்பனை ஆன்டெனாவோடு ஒப்பிட்ட அளவு) பக்கம் வந்தால் நல்ல வேலை. சிப் −3 டெசிபெல் மில்லிவாட் (1 மில்லிவாட்டோடு ஒப்பிட்ட அளவு) கொடுத்தால் உடலுக்கு வெளியே −33; இந்தப் பட்டைக்கு அனுமதித்த உச்சம் 25 மைக்ரோவாட், அதாவது −16, அதற்கு வெகு கீழே. 2 மீட்டர் தூரத்துக்கு இழப்பு 30.6 டெசிபெல், பெறும் இடத்தில் −64 சுமார். ரிசீவருக்கு இது தாராளம். திசுச் சூடு பற்றிக் கவலை வேண்டாம்: 1 மில்லிவாட் முழுவதையும் ஒரே ஒரு கிராம் திசு விழுங்கினால்கூடக் கிலோவுக்கு 1 வாட்தான், ஒரு கிராம் சராசரிக்கான வரம்பு 1.6.

அளவீட்டுத் தொட்டிக்கு 30 செமீ விட்டம், 76 செமீ உயரம், 6.35 மிமீ சுவர் கொண்ட அக்ரிலிக் உருளை, சாதனம் பக்கச் சுவரிலிருந்து 6 செமீ உள்ளே. அனுமதிச் சோதனையில் கேட்கும் வடிவமும் அதுதான், இப்போதே அதில் பழகிக்கொண்டால் பிறகு எண்கள் மாறாது. உருளையைத் திருப்பித் திருப்பி எல்லாத் திசையிலும் எடுங்கள். பெட்டி ஆன்டெனாவை மறைக்கும் பக்கத்தில் இணைப்பு எவ்வளவு விழுகிறது என்பதை 30 செமீ சோதனையில் பார்த்திருக்கவே மாட்டீர்கள்.